சங்கரன்கோவிலில் ஒரு கல்பாலம்

நானும் என் கணவரும் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்கள். மரவேலையும் கரண்ட் வேலையும் அவர் பொறுப்பு. வர்ணம், துணி, பூ எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஷெட்டை ஒட்டிய கட்டிடத்தில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி எங்கள் இருவருக்கும் குரல் உயர்ந்தே போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். சண்டையெல்லாம் இல்லை, மதியத்துக்கு என்ன குழம்பு என்றுதான் கேட்டிருப்பார்.

மயில், யானை, தாமரைக் குளம், அரண்மனைத் தூண், முழுக்க வெள்ளைப் பூ, முழுக்க வாழையிலை என்று நாங்கள் போடாத மேடை இல்லை. அப்படி ஒரு நினைப்பில் இருந்தபோதுதான் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது.

"யக்கா, என் ரிசப்ஷன் ஸ்டேஜ்ல எனக்கு ஒரு பாலம் வேணும்."

எங்கள் ஊர்ப் பெண்தான். ரெண்டு தெரு தள்ளி அவள் அப்பாவுக்குத் தறிக்கூடம் இருக்கிறது. படித்துவிட்டு ஐரோப்பாவில் பிராக் நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளைக்கு ஊர் கரிவலம்வந்தநல்லூர், அவருக்கும் வேலை பிராக்கில்தான். இங்கிருந்து பஸ் ஏறினால் பேச ஆரம்பித்த கதை முடிவதற்குள் கரிவலம் வந்துவிடும். ஆனால் இருவரும் பார்த்துக்கொண்டது பிராக் நகரத்து ஆற்றின் மேல் இருக்கும் பழைய கல்பாலத்தில்.

அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். "இங்கன குளிரு ஆளையே தூக்குது. அங்கன மழை உண்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். கடந்து போன ஒருவர் நின்று, திரும்பி வந்து, அவள் பேசி முடிக்கிறவரைக்கும் காத்திருந்து, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாராம். சங்கரன்கோவில் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம்.

"அதான் அந்தப் பாலம் வேணுங்கேன்," என்றாள்.

எனக்கு முதலில் தோன்றியது ஃப்ளெக்ஸ். நல்ல போட்டோ ஒன்றைப் பெரிதாக அடித்து மேடைக்குப் பின்னால் கட்டிவிட்டால் தீர்ந்தது. சொன்னேன்.

"ஃப்ளெக்ஸ்ல எப்படிக்கா நடக்க?" என்றாள்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இழைப்புளியை வைத்துவிட்டு நிமிர்ந்த என் கணவர், "ஆள் ஏறி நடக்கணுமா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. ஒரு பக்கம் ஏறி, நடுவுல எங்களப் பார்த்துட்டு, அந்தப் பக்கம் எறங்கணும்."

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இனி நான் என்ன சொன்னாலும் காதில் விழாது. இத்தனை வருஷமும் அவர் செய்தவை எல்லாம் பார்ப்பதற்கான பொருள்கள். தூண் என்றால் தெர்மாகோல். யானை என்றால் கம்பிமேல் காகிதம். ஆள் பாரம் தாங்குகிற ஒன்றைச் செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்களுக்கு அந்தப் பாலத்தைக் காட்டினாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இங்கே நான் உலை வைத்திருந்தேன். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, போனைப் பிடித்தபடி பாலத்தின் ஒரு முனையில் நின்றாள். அவள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

முதலில் கோபுரம். பாலத்துக்குள் நுழையவே ஒரு கோபுர வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் அதை எதிர்பார்க்கவில்லை. நம் கண்ணுக்குக் கோபுரம் என்றால் உள்ளே சாமி இருக்க வேண்டும். அங்கே கோபுரத்தின் உள்ளே பாலம் இருந்தது. வாசல் வளைவு வட்டமாக இல்லாமல், இரண்டு கையையும் கூப்பின மாதிரி உச்சியில் கூராகச் சேர்ந்தது. இத்தனை மேடைகளுக்கு வளைவு போட்டிருக்கிறேன், எல்லாம் அரைவட்டம்தான். இப்படியும் ஒரு வளைவை இழுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"அந்தக் கடைசியிலயும் இதே மாதிரி ரெண்டு கோபுரம் இருக்குக்கா. ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டை. அண்ணனும் தம்பியும் மாதிரி நிக்கும்," என்றாள்.

அவள் நடந்தாள், நாங்களும் கூடவே நடந்தோம். காலடியில் சதுரக் கற்கள் பாவியிருந்தன. இரண்டு பக்கமும் கறுத்துப்போன சிலைகள், நடுநடுவே விளக்குக் கம்பங்கள். கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிக் காட்டினாள். ஆறு அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையில் அன்னங்கள் கூட்டமாக நின்றன. அக்கரையில் சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மலைச்சரிவில் ஏறின. ஊசி ஊசியாகக் கோபுரங்களின் பச்சை முனைகள் வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டு நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

பாலத்துக்கு மேலே இருந்த எதுவும் என் கணவர் கண்ணில் படவில்லை. "அம்மா, கொஞ்சம் கீழ காட்டு. தூணு எப்படி நிக்குன்னு பாக்கணும்," என்றார்.

அவள் படி இறங்கி ஆற்றங்கரைக்குப் போய்க் காட்டினாள். ஒவ்வொரு தூணும் தண்ணீர் வருகிற பக்கம் படகின் மூக்கு மாதிரி கூராக இருந்தது. அதற்கும் முன்னால் ஆற்றுக்குள் பெரிய பெரிய மரச்சட்டங்களைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள்.

"அது என்னது, சாரம் கட்டி வேலை நடக்கா?"

"இல்லண்ணே. குளிர்காலத்துல ஆறு உறைஞ்சு, பிறகு பனிக்கட்டி பாளம் பாளமா உடைஞ்சு வருமாம். தூண்ல மோதாம இருக்கதுக்கு அந்த மரம்."

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு உறையும் என்பதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் கல்லுக்குக் காவலாக மரத்தை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு, "பாலம் நேரா இல்லையே, லேசா வளைஞ்சுல்லா போகுது?" என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா, எத்தனை தடவை நடந்திருக்கேன், நான் கவனிச்சதே இல்ல," என்றாள். சாந்தில் கோழிமுட்டை கலந்து கட்டினதாக அந்த ஊரில் ஒரு கதை உண்டு என்றும் சொன்னாள். "செட்டிநாட்டுப் பக்கமும் சுவத்துக்கு முட்டை போட்டுத்தான் பூசுவாக," என்றார் இவர், சொந்தக்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி.

வேலை ஆரம்பித்தது. இரும்புச் சட்டத்தில் அடிக்கூடு, மேலே பலகை, பக்கவாட்டில் வளைவுகள். ஒவ்வொரு துண்டையும் முடித்ததும் அவரே மேலே ஏறிக் குதித்துப் பார்ப்பார். தறிக்கூடத்தில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனக்குக் கல் வரவில்லை. மரத்தூளைப் பசையில் குழைத்துப் பலகைமேல் அப்பி, காய்ந்த பிறகு சாம்பல் நிறம் அடித்தேன். புது சிமெண்ட் சுவர் மாதிரி இருந்தது. கறுப்பைக் கூட்டினேன், தீப்பிடித்த வீடு மாதிரி இருந்தது. மூன்றாவது தடவையும் சரியாக வராதபோது தூரிகையைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட இல்லை. பிரகாரத்தில் நின்று சுவரையும் தூணையும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற கல். ஆனால் அன்றைக்குத்தான் அது ஒரே நிறமில்லை என்று கண்டேன். மழைத்தண்ணீர் இறங்கின இடம் கறுப்பு. விளக்கு வைக்கிற மாடத்துக்கு மேலே வேறொரு கறுப்பு, எண்ணெய்க் கறுப்பு. ஆள் சாய்கிற உயரத்தில் வழவழவென்று வெளுத்து மினுங்கியது. காலுக்குக் கீழே தேய்ந்து கிட்டத்தட்ட வெள்ளை. கல்லைக் கறுப்பாக்குவது தண்ணீரும் புகையும், வெளுப்பாக்குவது மனிதர்கள். பிராக்கிலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அவள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு கல் வந்தது.

ஆறுதான் பாக்கி. நீலத் துணி கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். படங்களைப் பார்க்கப் பார்க்க நீலம் எங்கேயும் இல்லை. துணி பார்க்க வேண்டும் என்று பெண்ணின் அப்பாவிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். மகள் வெளிநாட்டில் மாப்பிள்ளை பார்த்ததற்கும் ஒன்றும் சொல்லவில்லை, மேடையில் பாலம் என்றதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் போனை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆற்றைப் பார்த்தார்.

"இது என்ன கலருன்னு சொல்லுவீங்க தங்கச்சி?"

"அதான் அண்ணாச்சி தெரியல. பச்சையும் இல்ல, சாம்பலும் இல்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு கட்டுச் சேலையோடு வந்து தரையில் உதறினார். நூல் சேலை. ஓரத்தில் கரை இல்லாமல், ஊடே வெள்ளி மாதிரி ஓர் இழை ஓடியது. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை.

"போன வருஷம் ஒரு ஆசைக்கு ஓட்டினேன். இந்தக் கலரு எந்தக் கடையிலயும் ஓடல. உள்ள நெறைய கெடக்கு," என்றார். பிறகு சேலையை இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டு, "இங்கனயாவது ஓடட்டும்," என்றார்.

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் கூடிவருகிற நேரத்தில் கரிவலத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, வளர்த்ததெல்லாம் இவர்தான். பருத்தியும் சோளமும் போடுகிற சம்சாரி. யாரோ போனில் அந்தப் பாலத்தின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஷெட்டுக்குள் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி முடிந்த பாலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"படத்துல சிலுவையெல்லாம் இருக்கேம்மா. நம்ம வீட்டு விசேசத்துல அது எப்படிச் சரியா வரும்?"

என் கணவர் அந்தப் பெண்ணையே போனில் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். அவள் பதறவில்லை.

"மாமா, அந்தப் பாலத்தைக் கட்டும்போது இத்தனை சிலை கெடையாது. ரொம்ப காலம் கழிச்சுத்தான் ஒவ்வொண்ணா வச்சிருக்காக. நமக்குச் சிலையே வேண்டாம். வெறும் பாலம் போதும்."

"அது சரி," என்றார் பெரியப்பா. "ஆனா பாலம்னா என்னம்மா? ஏறுதோம், எறங்குதோம். அதுல போயி யாராவது நிப்பாகளா? கல்யாணம் முடிச்சவுக ஒரு எடத்துல நிலையா நிக்க வேண்டாமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீ குடித்தார். பலகையைக் கையால் தட்டிப் பார்த்து, "நல்ல உறுதியாத்தான் இருக்கு," என்றார். வண்டியில் ஏறும்போது, "நீங்க வைங்க, நான் தடுக்கல. நான் கீழ நாற்காலில உக்காந்துக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அது என் மனதில் கொஞ்சம் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு மேடை போட்டு, வீட்டுப் பெரியவர் அதில் ஏறவில்லை என்றால் அது யாருக்கு?

முகூர்த்தம் காலையில் கோயிலில் நடந்தது. சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. நாங்கள் துண்டு துண்டாகப் பாலத்தை ஏற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் பூட்ட ஆரம்பித்தோம். வலப்பக்கம் சேர்ந்தது. நடுப்பகுதி சேர்ந்தது. இடப்பக்கம் வைக்கப் போனபோது மேடையின் ஓரத்துத் தூண் குறுக்கே நின்றது. அளவெடுக்கும்போது அங்கே ஒரு பெரிய திரை தொங்கியிருந்திருக்கிறது, தூணை நாங்கள் கவனிக்கவில்லை. பாலம் தூணில் போய் முட்டியது.

என் கணவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சுபோச்சு. ஒரு பக்கம் ஏறி அதே பக்கந்தான் எறங்கணும்," என்றார்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. "ஏங்க, அந்தப் பாலமே நேரா இல்லைல்லா? நம்ம மட்டும் எதுக்கு நேரா போகணும்?"

அவர் என்னைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், எழுந்தார். நடுத்துண்டின் ஓரத்தைச் சாய்வாக அறுத்து, இடப்பக்கத்தைத் தூணுக்கு முன்னால் லேசாகத் திருப்பி வைத்தார். உட்கார்ந்துகொண்டது. அறுத்த இடத்தை மறைக்க நான் விளக்குக் கம்பம் ஒன்றை நட்டு, மல்லிகைச் சரத்தைச் சுற்றிவிட்டேன். கூர்வளைவுக் கோபுரத்தை ஏறுகிற பக்கம் நிறுத்தினோம். அடியில் சேலைகளை மடிப்பு மடிப்பாக விரித்து, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேனை மறைத்து வைத்தோம். ஆறு ஓடியது.

மணப்பெண் வந்தாள். கோபுர வாசலிலேயே நின்றுவிட்டாள். கையால் சுவரைத் தடவினாள். பிறகு மெதுவாக நடந்து, வளைகிற இடத்தில் நின்று, "யக்கா, இந்த வளைவைக்கூட விடாம வச்சிருக்கீங்களே," என்றாள். என் கணவர், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் திட்டம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அவர்களுக்கு மண்டபம் கண்ணில் இல்லை.

கூட்டம் வரத் தொடங்கியதும்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. மற்ற வரவேற்புகளில் ஜனங்கள் மேடையேறி, கவரைக் கொடுத்து, போட்டோவுக்கு நின்று, சாப்பாட்டுக்கு ஓடிவிடுவார்கள். இங்கே யாரும் இறங்குவதாக இல்லை. பாலத்தில் நிற்கவே ஆசைப்பட்டார்கள். பெண்கள் கைப்பிடியில் சாய்ந்து ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். பிள்ளைகள் இறங்கி ஓடிவந்து மறுபடியும் வரிசையில் சேர்ந்தார்கள். பந்தி பரிமாறுகிறவர் என்னிடம் வந்து, "இலை போட்டு வச்சிருக்கோம், ஆளே வரல. ஏதாச்சும் சொல்லுங்கக்கா," என்று குறைப்பட்டார். வரிசை மண்டப வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. எழுந்து வந்து, ஏறுகிற பக்கம் கோபுரத்தின் கீழே நின்றுகொண்டார்.

"ஏறுங்க, ஏறுங்க. ஏ மக்கா, ஓடாத, மெதுவா. நடுவுல நின்னு ஆசீர்வாதம் பண்ணிட்டு அந்தப் பக்கம் எறங்குங்க. எறங்கினா நேரா பந்தி. அண்ணாச்சி, நீங்க ஏற்கெனவே ஒருக்கா போனீங்கல்லா?"

வரிசை நகர ஆரம்பித்தது. அவர் குரல் வயல் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல். மேளக்காரர்கள்கூட ஓரிடத்தில் நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசி, சிரித்துவிட்டுத்தான் ஏறினார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று வரவேற்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். பார்க்க அப்படித்தான் இருந்தது.

கூட்டம் குறைந்தபோது மணமக்கள் இருவரும் அவரிடம் இறங்கி வந்தார்கள். "பெரியப்பா, நீங்க மட்டும்தான் பாக்கி," என்றார் மாப்பிள்ளை.

"எனக்கு எதுக்குப்பா," என்றார். ஆனால் மணப்பெண் கையை நீட்டியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நடுவில் வந்ததும் ஷெட்டில் அவர் சொன்னபடியே இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கீழே ஓடுகிற சேலையைப் பார்த்தபடி நின்றார். ஒரு பக்கம் தம்பி மகன், மறுபக்கம் மருமகள்.

"நெசமாவே அங்கன இப்படித்தான் ஜனங்க வந்து நிப்பாகளா?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மாமா. வேலைவெட்டி இல்லாம நிப்பாக."

"அப்போ நிக்கட்டும்," என்றார். "நிக்க நல்லாத்தான் இருக்கு."

போட்டோகிராபர் அந்தப் படத்தை எடுத்திருக்கிறார். கரிவலத்து வீட்டு ஹாலில் இப்போது அதுதான் மாட்டியிருக்கிறது என்று கேள்வி.

அதற்குப் பிறகு பாலத்துக்கு எங்கள் பக்கம் ஒரு மவுசு வந்துவிட்டது. பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு வீட்டார் வந்து, "அந்தப் பாலம் ஸ்டேஜ்" வேண்டும் என்றார்கள். எந்த ஊர்ப் பாலம் என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அடியில் ஒரு படகு விட முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். விட்டோம். கடையநல்லூரில் ஒரு நிக்காஹ் வரவேற்புக்கு, கூர்வளைவு வாசலை மட்டும் தனியாகக் கேட்டு எடுத்துப்போனார்கள். அங்கே அது ரொம்பப் பொருத்தமாக நின்றது. எல்லாரும் அதைத் தங்கள் ஊர் வளைவு என்றே நினைத்தார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். ஒருநாள் ஊருக்கு மேலே இருக்கிற ஒரு குன்றில் நின்று காட்டினாள். ஆறு வளைந்து போகிறது, அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். "நம்ம பாலம் எது, கண்டுபிடிங்க," என்றாள். எத்தனாவது என்று சொன்னேன், சரியாக இருந்தது. எனக்கு அந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற தவிப்பெல்லாம் இல்லை. போனால் நன்றாகத்தான் இருக்கும். போகாவிட்டாலும் அந்தக் கல்லை எனக்குத் தெரியும்.

என் கணவருக்குத்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வேலைக்காகப் பைக்கில் எங்கே போனாலும், வழியில் ஒரு பாலம் வந்தால் நிறுத்திவிடுகிறார். பெரிய பாலமென்று இல்லை, ஓடைக்கு மேலே போட்ட சின்னப் பாலமாக இருந்தாலும் போதும். போன வாரமும் கரிவலம் ரோட்டில் அப்படி நிறுத்தினார். சரிவில் இறங்கி, தூணைத் தட்டிப் பார்த்து, அடியில் எட்டிப் பார்த்தார். ஓடையில் தண்ணீர் இல்லை, ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. நான் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, வாங்கிவந்த வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டிருந்தேன்.

"இது செங்கல் வளைவு. பழசு. நல்லா கட்டியிருக்கான்," என்று கீழேயிருந்து கத்தினார்.

சரி, பார்த்துவிட்டு வரட்டும் என்று இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்தேன்.